கோனி ஐலண்டின் ஸ்டீபிள்சேஸ் பூங்கா: எழுந்தது எப்படி, மூடியது ஏன்?

கேள்வி இது: நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் கண்ணாடிக் கூரைக்குள் இயங்கிய ஸ்டீபிள்சேஸ் பூங்கா இரண்டு உலகப் போர்களையும், 1930களின் பொருளாதார மந்தத்தையும், ஒரு பெருந்தீயையும் தாக்குப்பிடித்தது. அப்படிப்பட்ட பூங்கா 1964-ல் ஏன் மூடப்பட்டது? டொனால்ட் டிரம்ப்பின் அப்பா இடித்ததால்தான் அது அழிந்ததா?

பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். இடித்தவர் ஃபிரெட் டிரம்ப்தான். ஆனால் அவர் கைக்கு வரும்போதே பூங்கா பூட்டிக் கிடந்தது. பூட்டு விழுந்த காரணம் புரிய வேண்டுமானால், உள்ளே என்ன விற்றார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்டீபிள்சேஸில் காசு கொடுத்து வந்தவர்களே வேடிக்கையும் காட்டினார்கள். நடிகர்கள் குறைவு, யானை சிங்கம் கிடையாது, பிரம்மாண்ட அரங்கக் காட்சி கிடையாது. வழுக்கும் தரை, சுழலும் தட்டு, அதில் விழுந்து புரளும் முன்பின் தெரியாத நூறு பேர். இவ்வளவுதான் சரக்கு. கூட்டம் இருக்கும்வரை இதைவிட மலிவான வியாபாரம் இல்லை. கூட்டம் மெலிந்தால் அதே மண்டபம் வெறும் செலவு. மற்றக் காரணங்கள் எல்லாமே கடைசியில் இங்கேதான் வந்து சேருகின்றன.

பூங்காவைத் தொடங்கிய ஜார்ஜ் டில்யூ 1862-ல் பிறந்தவர். கோனி ஐலண்டிலேயே வளர்ந்தவர். பதின்வயதிலேயே கடல் நீரைப் புட்டியிலும் மணலைப் பெட்டியிலும் அடைத்து, ஊர் பார்க்க வந்தவர்களிடம் விற்றார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய் ஃபெர்ரிஸின் ராட்சத ராட்டினத்தைப் பார்த்தார். விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. அதில் பாதி அளவில், சுமார் 125 அடியில் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, உலகிலேயே பெரிய ராட்டினம் இங்கே வரப்போகிறது என்று கோனி ஐலண்டில் பலகை நட்டார். பொய்தான். ஆனால் விளம்பரத்தில் கூச்சம் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

அப்போது அவருடைய விளையாட்டுகள் கடற்கரை நெடுகச் சிதறிக் கிடந்தன. 1895-ல் பால் பாய்ட்டன் என்பவர் சீ லயன் பார்க் என்ற பெயரில் வேலி போட்டு, வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார். வேலியால் வந்த லாபத்தை டில்யூ உடனே பிடித்துக்கொண்டார். உள்ளே வருபவரிடம் காசு வாங்கலாம். அதைவிட முக்கியமாக, குடிகாரர்களையும் ஜேப்படிக்காரர்களையும் வெளியே நிறுத்தலாம். அன்றைய கோனி ஐலண்டுக்குச் சூதாட்டத்தாலும் விபச்சாரத்தாலும் கெட்ட பெயர். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அந்த வேலி ஓர் உத்தரவாதம். 1897-ல் ஸ்டீபிள்சேஸ் பூங்கா திறந்தது.

ஸ்டீபிள்சேஸ் என்றால் தடை தாண்டும் குதிரைப் பந்தயம். பெயருக்குக் காரணமான அந்தப் பந்தயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஷீப்ஸ்ஹெட் பே, கிரேவ்சென்ட், பிரைட்டன் பீச் என்று பக்கத்திலேயே மூன்று பந்தயத் திடல்கள். ஊர் முழுக்கக் குதிரைப் பேச்சு. டில்யூ வாங்கியது காடரி என்ற பிரிட்டிஷ்காரரின் கண்டுபிடிப்பு: மரக்குதிரைகள் சக்கரத்தின் மேல் அமர்ந்து, பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் ஓடும். மோட்டார் கிடையாது. உயரமான தொடக்க மேட்டிலிருந்து விடுவித்தால் இறக்கத்தில் வேகம் பிடித்து, அடுத்த மேட்டைத் தாண்டி, இறுதிக் கோட்டுக்கு வரும். ஒரு குதிரையில் இருவர் ஏறலாம். ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார ஊரறிந்த சாக்கு கிடைத்தது என்பதுதான் இதன் வசூல் ரகசியம்.

எந்தக் குதிரை ஜெயிக்கும்? எடை கூடிய குதிரை, பெரும்பாலும். ஈர்ப்பு விசை எல்லாரையும் ஒரே முடுக்கத்தில்தான் இழுக்கிறது. ஆனால் காற்றின் எதிர்ப்பு உடலின் பரப்பைப் பொறுத்தது. எடை இரண்டு மடங்கானாலும் எதிர்ப்பு அந்த அளவுக்குக் கூடாது. ஆகவே இருவர் ஏறிய குதிரைக்கு வேகம் குறைவது மெதுவாகத்தான். வளைவுகளிலோ உள்தடத்துக்குச் சாதகம்: தடங்களுக்கு நடுவே 1 மீட்டர் இடைவெளி என்று வைத்தால், ஓர் அரைவட்டத்தில் வெளித்தடம் ஒவ்வொன்றும் சுமார் 3.14 மீட்டர் கூடுதல். எதிரெதிர்த் திசையில் வளைவுகளை அமைத்தால்தான் கணக்கு நேராகும். அரை நிமிடத்தில் அரை மைல் என்று விளம்பரம் செய்தார்கள். அதாவது மணிக்கு 60 மைல். அந்த வேகம் வர வேண்டுமானால் உராய்வே இல்லாமல் சுமார் 120 அடி இறங்க வேண்டும். தடம் அந்த உயரத்துக்குக் கிட்டவே வரவில்லை. யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை போலும். ஒரு வேடிக்கை என்னவென்றால், பந்தயச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 1908-ல் வந்ததும் உண்மையான மூன்று திடல்களும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. மரக்குதிரைகள் மட்டும் 1964 வரை ஓடின.

1907 ஜூலை 28 அன்று பூங்காவின் பெரும்பகுதி எரிந்து போனது. ஒரு விளையாட்டில் சேர்ந்த குப்பையில் யாரோ போட்ட சிகரெட் என்கிறார்கள். மரச்சட்டம், துணி, சாயம், சாந்தில் செய்த அலங்காரம், மேலே கடற்காற்று. அக்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் எரிவதற்கென்றே கட்டியவை போல இருந்தன. காப்பீடும் இல்லை. மறுநாள் டில்யூ ஒரு பலகை வைத்தார்: இதைவிடப் பெரிய பூங்காவைக் கட்டப்போகிறேன், எரியும் இடிபாட்டைப் பார்க்க 10 சென்ட். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

அடுத்து கட்டியதுதான் பெவிலியன் ஆஃப் ஃபன். எஃகுச் சட்டம், கண்ணாடிச் சுவர், கண்ணாடிக் கூரை. பல ஏக்கர் பரப்பு ஒரே கூரைக்குள். கட்டுமானம் 1908-09 வாக்கில் நடந்தது. மரத்தை விட்டு எஃகுக்குப் போனது தீயின் பயத்தால் என்பது வெளிப்படை. கூரை போட்டதற்கு வேறொரு கணக்கு இருந்தது. நியூயார்க் கடற்கரையின் முழு வியாபாரக் காலம் மே கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை, ஏறக்குறைய 100 நாள். அதில் வார இறுதிகள் சுமார் 15. வருஷ வருமானத்தின் பெரும்பங்கு இந்தச் சனி ஞாயிறுகளில்தான். அதில் நான்கு ஞாயிறு மழை பெய்தால் திறந்தவெளிப் பூங்காவுக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் ஞாயிறு வசூல் போச்சு. ஸ்டீபிள்சேஸில் மழை நாள் நல்ல நாள்! கடலில் குளித்துக்கொண்டிருந்த கூட்டமும் ஓடி வந்து கூரைக்குள் புகுந்துவிடும்.

உள்ளே என்னென்ன இருந்தன? கடல் பக்கமாக நுழைகிறவர்கள் சுழலும் பெரிய மரப் பீப்பாய்க்குள் நடந்து கடக்க வேண்டும். நேராக நடந்தால் விழுவது உறுதி. பீப்பாய் சுழலும் திசைக்கு எதிராகச் சாய்வாக, சிறு அடி வைத்து, நிற்காமல் போனால் தப்பலாம். பெரும்பாலானவர்கள் நடுவில் நின்று நிதானிக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் கால் வாரும். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். அறிமுகம் ஆகாத இருவர் கைபிடிப்பது அப்படித்தான் தொடங்கும்.

மனிதச் சூதுச்சக்கரம் இன்னும் எளிமை: மெழுகு தேய்த்த பெரிய மரத்தட்டு. முப்பது நாற்பது பேர் ஏறி உட்கார்ந்ததும் மெல்லச் சுழலத் தொடங்கி வேகம் கூடும். எல்லாரும் நடுவிடத்துக்குத் தள்ளுமுள்ளு போடுவது சும்மா இல்லை. உடைக்கும் மரத்துக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி இருப்பவர் நிமிடத்துக்கு 12 சுற்றிலேயே வழுக்கிவிடுவார். அரை மீட்டரில் இருப்பவர் 23 சுற்று வரை தாங்குவார். எடைக்கு இதில் வேலையே இல்லை: குண்டரும் ஒல்லியும் ஒரே வேகத்தில்தான் வழுக்குவார்கள். வெளியே வீசப்படுகிறவர் மோதாமல் இருக்கத் தட்டைச் சுற்றி வழவழப்பான ஏந்து பள்ளம் வேண்டும். ஒரு மோட்டார், ஒரு ஆள், ஒரு தட்டு. ஒரு சுற்றுக்கு நாற்பது பேர் சிரிப்பு, சுற்றி நிற்கும் இருநூறு பேர் வேடிக்கை. முதலீட்டுக்கு இப்படி வருமானம் தரும் இயந்திரம் அரிது.

மனித பில்லியர்ட்ஸ் மேசையும் இதன் தம்பிதான். சறுக்கி வந்து விழும் இடத்தில் தரையோடு தரையாகப் பல தட்டுகள், அடுத்தடுத்தவை எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒரு தட்டு விட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்; எழுந்து நிற்கவே விடாது.

இவற்றிலெல்லாம் டில்யூவின் மூளை முழுமையாகத் தெரிவது குதிரைப் பந்தயத்தின் முடிவில். இறங்கியவர்கள் வெளியேற ஒரே வழி, ஒரு சிறு மேடையைக் கடப்பதுதான். அங்கே ஒரு கோமாளி மின்சாரக் குச்சியோடு நிற்பான். தரைத் துளைகளிலிருந்து காற்று பீறிட்டுத் தொப்பியையும் பாவாடையையும் தூக்கும். மேடைக்கு எதிரே இருக்கைகள். அதில் உட்கார்ந்து சிரிப்பவர்கள், ஐந்து நிமிடம் முன்பு அதே மேடையில் அவமானப்பட்டவர்கள். இன்றைய கண்ணுக்கு இது பெண்களைச் சீண்டுவது, மின்சாரக் குச்சியோ நேராக வழக்கு. அன்று அதுதான் பூங்காவில் அதிகம் பேசப்பட்ட காட்சி. அந்த அரங்கின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கலாம்.

டிக்கெட் முறையும் இதற்கேற்பதான். 1903-ல் கோனி ஐலண்டில் வந்த போட்டிப் பூங்காவான லூனா பார்க் வாசலில் ஒரு தொகை, உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை வாங்கியது. டில்யூ 25 சென்டுக்கு எல்லா விளையாட்டையும் சேர்த்து ஒரே டிக்கெட் கொடுத்தார். பின்னாட்களில் அது கயிற்றில் மாட்டும் அட்டையானது. ஒவ்வொரு விளையாட்டிலும் ஓட்டை போடுவார்கள். ஒவ்வொரு முறையும் பை திறக்க யோசிக்கிறவர் தட்டில் ஏறித் தைரியமாக விழமாட்டார். கையில் ஏற்கெனவே காசு கொடுத்த அட்டை இருந்தால் ஒன்றைக்கூட விடமாட்டார். அதனால் ஒவ்வொரு தட்டும் எப்போதும் நிறைந்தே இருந்தது.

அழகுக்கென்று உள்ளே இருந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: எல் டொராடோ குடைராட்டினம். 1907-ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் ஹியூகோ ஹாசே செய்தது. மூன்று அடுக்கு மேடை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சுழலும். அது முதலில் டிரீம்லேண்ட் பூங்காவுக்கு அருகே நின்றது. 1911 மே மாதம் டிரீம்லேண்ட் எரிந்து சாம்பலானபோது தப்பிய இதை டில்யூ வாங்கிக் கண்ணாடிக் கூரைக்குள் வைத்தார்.

டில்யூ 1914-ல் இறந்தார். பூங்கா பிள்ளைகள் கைக்கு வந்தது. உச்சம் அதற்குப் பிறகுதான். 1920-ல் சுரங்க ரயில் ஐந்து சென்ட் கட்டணத்தில் கோனி ஐலண்ட் வரை வந்துவிட்டது. 1923-ல் கடலோர மரப்பாதை திறந்தது. கடை எழுத்தர், தையல் தொழிலாளி, துறைமுகக் கூலி என்று நகரமே ஞாயிற்றுக்கிழமை இங்கே இறங்கியது. கூட்டத்தையே சரக்காக விற்கிற பூங்காவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிள்ளைகள் காலத்தில் நடந்த பெரிய முதலீடு பாராசூட் கோபுரம். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ராணுவப் பயிற்சிக்கென்று வடிவமைத்தது. 1939-40 நியூயார்க் உலகக் கண்காட்சியில் நின்றது. 1,50,000 டாலருக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, 1941-ல் கடலோரம் நட்டார்கள். உயரம் சுமார் 250 அடி, மேலே 12 கைகள். இருவர் உட்காரும் கித்தான் இருக்கையைக் கம்பிவடம் உச்சிக்கு இழுக்கும். உச்சியில் தானாக விடுபட்டு, வழிகாட்டும் கம்பிகளுக்கு நடுவே பாராசூட்டோடு இறங்கும். அடியில் அதிர்வு தாங்கிகள் பிடித்துக்கொள்ளும். ஏற ஒரு நிமிடம் வாக்கில், இறங்க 15 விநாடிக்குள்.

ஊருக்கே அடையாளமான கோபுரம், ஆனால் கணக்கில் இடித்தது. ஒவ்வொரு பாராசூட்டுக்கும் மூன்று பணியாளர்கள் தேவை. பன்னிரண்டும் ஓடினால் 36 பேர். ஏற்றி இறக்க மூன்று நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் மணிக்கு 480 பேருக்கு மேல் போக முடியாது. சூதுச்சக்கரத்தில் ஒரே ஆள் அதைவிட அதிகம் பேரைச் சுழற்றுவார். போதாக்குறைக்குக் காற்று. கண்காட்சி நடந்த இடம் கடலை விட்டு உள்ளே தள்ளி; இங்கே எதிரே திறந்த கடல். காற்று பலமாக அடித்தால் நிறுத்தியே ஆக வேண்டும். வடம் சிக்கி நடுவானில் தொங்கியவர்களும் உண்டு. தந்தை மலிவான இயந்திரமும் நிறையக் கூட்டமும் என்று கணக்குப் போட்டார். பிள்ளைகள் ஆளும் பராமரிப்பும் கேட்கும் இயந்திரத்துக்கு மாறினார்கள். என் பார்வையில் சறுக்கலின் முதல் அறிகுறி இதுதான், உச்சத்தில் இருக்கும்போதே.

போருக்குப் பிறகு கூட்டம் பல பக்கமும் கசிந்தது. கார் வாங்கியவர்கள் லாங் ஐலண்டில் 1929-லேயே திறந்திருந்த ஜோன்ஸ் பீச் கடற்கரைக்குப் போனார்கள். வீட்டில் தொலைக்காட்சி வந்தது, திரையரங்கில் குளிர்சாதனம் வந்தது. ரயில் கட்டணம் 1948-ல் 10 சென்ட், 1953-ல் 15 சென்ட். ஐந்து பேர் குடும்பத்துக்குப் போகவர ஒன்றரை டாலர். சுற்றுப்புறமும் மெலிந்தது. லூனா பார்க் 1944 தீயில் பெருமளவு அழிந்து, பிறகு அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. டிரீம்லேண்ட் இருந்த இடத்தில் 1957-ல் மீன் காட்சியகம். போட்டியாளர் ஒழிந்தால் லாபம் என்று தோன்றும். கடற்கரை வியாபாரத்தில் நேர்மாறு. மூன்று பூங்கா இருந்தால் ஒரு நாள் முழுக்க இருக்கலாம் என்று குடும்பம் கிளம்பும். ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றுக்காக யாரும் ரயில் ஏறுவதில்லை.

நிறவெறியையும் சொல்லாமல் விட முடியாது. பூங்காவின் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. சுற்றுப்புறத்தில் ஏழைக் கறுப்பின, போர்ட்டோ ரிக்கக் குடும்பங்கள் கூடிவந்த காலத்தில், பக்கத்திலேயே இருந்த வாடிக்கையாளரைப் பூங்கா வாசலுக்கு வெளியே வைத்தது. முகம் தெரியாதவர் மடியில் விழுந்து சிரிப்பதுதான் இந்தப் பூங்கா. யார் மடியில் யார் விழலாம் என்று பார்க்கத் தொடங்கினால் அந்த வேடிக்கை நடக்காது. வெள்ளைக் குடும்பங்களும் புறநகருக்குப் போய்விட்டன.

கட்டடம் மட்டும் அதே அளவில் நின்றது. 100 நாள் வருமானத்துக்கு 365 நாள் வரியும் காப்பீடும். உப்புக் காற்றில் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். துரு, எஃகைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். சட்டத்துக்குள் இறுக்கி வைத்த கண்ணாடியை நெரித்து விரிசல் விடவைக்கும். கண்ணாடி மாற்றினால் தீராது, சட்டத்தைச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும். கடலோரக் கண்ணாடிக் கூரை எதுவானாலும் ஆண்டுதோறும் இந்தச் செலவைக் கேட்கும். ஆயிரக்கணக்கானவர் நெரியும்போது இது தலைக்குச் சில சென்ட். நூற்றுக்கணக்கானவர் என்றால் டிக்கெட்டையே தின்றுவிடும். பாதி நிறைந்த மண்டபத்தில் எட்டு பேரோடு சுழலும் தட்டைப் பார்க்க எவர் நிற்பார்? விலையை ஏற்றினாலும் குறைத்தாலும் இது சரியாகாது.

1964 கோடையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் புதிய உலகக் கண்காட்சி வேறு தொடங்கிவிட்டது. செப்டம்பர் 20 அன்று ஸ்டீபிள்சேஸ் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஆண்டுக்கு ஒன்றாக மணி அடித்து மூடினார்கள். பங்குகளில் பெரும்பகுதி வைத்திருந்த மகள் மேரி டில்யூ விற்பனையை முடித்தார். 1965-ல் ஃபிரெட் டிரம்ப் சுமார் 23 லட்சம் டாலருக்கு வாங்கினார்.

அவர் திட்டம் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடுகள். ஆனால் அந்த நிலம் கேளிக்கைக்கு மட்டும் என்று நகர விதியில் ஒதுக்கப்பட்டது. விதியை மாற்றக் கேட்டார், கிடைக்கவில்லை. பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் நியூயார்க்கில் 1965-ல்தான் வந்திருந்தது. பெவிலியனுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்குமுன், 1966 செப்டம்பரில் விருந்தினரை அழைத்து, கண்ணாடி முகப்பில் செங்கல் எறியச் சொல்லி, இடிப்பைக் கொண்டாட்டமாக நடத்தினார். இவ்வளவு செய்தும் வீடு கட்டவில்லை. 1960களின் முடிவில் நகராட்சி அந்த நிலத்தைச் சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. கட்டடத்தை இழந்த ஊர், வெற்று நிலத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலையும் கொடுத்தது. ஆகவே பூங்காவை மூடிய பழி அவர்மேல் சேராது. மண்டபத்துக்கு வேறொரு வேலை கிடைக்கும் வாய்ப்பை ஒழித்த பழி சேரும்.

எஞ்சியதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நிலத்தில் 2001 முதல் பேஸ்பால் திடல் இருக்கிறது. பாராசூட் கோபுரம் இயங்காமல், 1989 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அங்கேயே நிற்கிறது. இரவில் விளக்கு போடுகிறார்கள். மரக்குதிரைப் பந்தயத்தின் தத்துவம் புரிய வேண்டுமானால் இங்கிலாந்தின் பிளாக்பூல் பிளஷர் பீச் போக வேண்டும். 1977-ல் அங்கே மூன்று தடங்களோடு அதே பெயரில் ஒன்று கட்டினார்கள். எல் டொராடோ ஜப்பானுக்கு விற்கப்பட்டு, 1971 முதல் டோக்கியோவின் தோஷிமாயென் பூங்காவில் ஓடியது. 2020 ஆகஸ்ட் 31 அன்று அந்தப் பூங்காவும் மூடியதால், இப்போது பிரித்துக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள்.